ஏழாவது கேள்வி

ஏலூர்ல ஃபாக்ட்னு சொன்னா ஒரே அர்த்தம்தான். உரத் தொழிற்சாலை. ஃபெர்ட்டிலைசர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் திருவாங்கூர். சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் திவானா இருந்த காலத்துல, நம்ம திருச்சி சேஷசாயி பிரதர்ஸ் 1943-ல ஆரம்பிச்சு, 1947-ல உற்பத்திக்கு வந்தது. எங்க பிராஞ்சுக்கு வர்ற பெரியவங்கள்ல பாதிப் பேர் ஃபாக்ட் ரிட்டயர்டு. ஆட்டோக்காரர்கிட்ட "ஃபாக்ட்"னு சொன்னா போதும், மேல ஒண்ணும் கேக்க மாட்டார்.

புற்றுநோய் டாக்டர்கள் உலகத்துல ஃபாக்ட்னா வேற. ஃபங்ஷனல் அஸெஸ்மென்ட் ஆஃப் கேன்சர் தெரபி. அமெரிக்காவுல டேவிட் செல்லாங்கிற உளவியல்காரரும் அவர் கூட இருந்தவங்களும் 1993-ல வெளியிட்ட கேள்வித்தாள். இப்போ புழக்கத்துல இருக்கிற பொதுப் பதிப்புல, அதாவது ஃபாக்ட்-ஜியில, 27 கேள்வி. உடம்பு, குடும்பம்-நட்பு, மனசு, அன்றாட வேலைன்னு நாலு பகுதி. ஒவ்வொரு கேள்விக்கும் 0-லேருந்து 4 வரைக்கும் மார்க், மொத்தம் 108. போன ஏழு நாள் எப்படி இருந்தீங்கன்னு கேக்கும். நம்ம பக்கத்து வீடான திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டர்ல இதை மலையாளத்துல கொண்டுவந்து சரிபார்த்திருக்காங்க. மார்பகப் புற்றுக்கான தாள் 2002-லயும் பொதுத் தாள் 2004-லயும் ஆராய்ச்சிப் பத்திரிகையில வெளிவந்திருக்கு. தமிழ்லயும் நம்மாளுங்க சும்மா இல்லை. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்ல நோயாளிகளோட வாழ்க்கைத் தரத்தை அளக்கறதுக்குன்னு சொந்தமாவே ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணி 2005-ல சரிபார்த்து வெளியிட்டாங்க.

ஒரு பேங்க் ஆபீசருக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேப்பீங்க. எனக்கு இடது மார்பகத்துல புற்று வந்து, ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. இப்போ தமாக்ஸிஃபென் மாத்திரை ஓடிக்கிட்டிருக்கு. சொந்த ஊர் கோவில்பட்டி, படிச்சது மதுரையில பி.காம்., டிரான்ஸ்ஃபர்ல கொச்சிக்கு வந்தது. ஏலூர்னாலே பெரியாறு, கம்பெனிக் கழிவு, புற்றுநோய்னு ஒரு பேச்சு உடனே வரும். அந்தச் சண்டை ரொம்பப் பெரிசு, அதுக்கு இது இடம் இல்லை. எனக்கு வந்ததுக்கு இந்த ஊர்க் காத்துதான் காரணம்னு சொல்ல என்கிட்ட ஒரு ஆதாரமும் கிடையாது. கணக்குப் படிச்சவளுக்கு வவுச்சர் இல்லாம என்ட்ரி போட வராது :-)

விஷயத்துக்கு வர்றேன். சிகிச்சை முடிஞ்சு ஆறாவது மாசம், நான் போற ஆஸ்பத்திரியில (பேர் வேண்டாம்) ஒரு ஆராய்ச்சிக்காக இந்த ஃபாக்ட் தாளை என்கிட்ட நிரப்பி வாங்கினாங்க. மலையாளத் தாள். நான் மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்னு ஒரு பையன் பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டினான். எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற பிள்ளையா இருக்கும். இந்தப் பக்கம் என் அம்மா. குடும்பம்-நட்பு பகுதியில ஏழு கேள்வி. நண்பர்கள் நெருக்கமா இருக்காங்களா, வீட்டுல மனசுக்கு ஆதரவா இருக்காங்களா, நோயை வீட்டுக்காரங்க ஏத்துக்கிட்டாங்களா, இப்படி ஆறு வரைக்கும் நல்லாப் போச்சு. ஏழாவதுல பையன் முகம் சிவந்துடுச்சு. "மேடம், இது நிர்பந்தம் இல்லா, விட்டோளூ"ன்னு பக்கத்தைத் திருப்பிட்டான். பேனாவை நான் வைக்கவே இல்லை.

ஏழாவது கேள்வி, உங்க தாம்பத்திய வாழ்க்கையில திருப்தியா இருக்கீங்களாங்கிறது.

பையன் சொன்னது பொய் இல்லை. அந்தக் கேள்விக்கு மட்டும் தாள்லயே ஒரு கட்டம் இருக்கு. பதில் சொல்ல விருப்பம் இல்லேன்னா அதை டிக் பண்ணிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். 27 கேள்வியில இந்தச் சலுகை இது ஒண்ணுக்குத்தான். மோசமான ஏற்பாடுன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லாம இருக்கிற உரிமை எல்லாருக்கும் வேணும். எனக்கு உறுத்தினது அதுக்கு அப்புறம் நடக்கிற கணக்கு.

வீட்டுக்கு வந்து, மதிப்பெண் எப்படிப் போடறாங்கன்னு தேடிப் படிச்சேன். தொழில் புத்தி! ஒரு பகுதியில பாதிக்கு மேல கேள்விக்குப் பதில் இருந்தா போதும். விட்டுப்போனதை ப்ரோ-ரேட்டாவா நிரப்பிக்கலாம். பதில் சொன்ன ஆறோட கூட்டுத்தொகையை ஏழால பெருக்கி ஆறால வகுக்கணும். நான் ஆறு கேள்விக்குக் கொடுத்தது 4, 4, 3, 4, 3, 4. கூட்டினா 22. 22 x 7 / 6 = 25.67. அதாவது என் அம்மா ஊர்லேருந்து வந்து ஏழு மாசம் சமைச்சுப் போட்டதுக்கும், பிராஞ்சுல எல்லாரும் முறை வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட வந்ததுக்கும் நான் கொடுத்த மார்க்கை சராசரி எடுத்து, கேக்கப்படாத என் படுக்கையறைக்கு 4-க்கு 3.67 போட்டுட்டாங்க. உண்மையைச் சொல்லச் சொல்லியிருந்தா அன்னிக்கு நான் போட்டிருப்பது பூஜ்யம்.

சூத்திரத்துல தப்பு இல்லை. அவசரத்துல, மறதியில விட்டுப்போன கேள்விக்கு இப்படி நிரப்பறது உலகம் பூரா இருக்கிற வழக்கம்தான். ஆனா தற்செயலா விட்டுப்போறதும் வெக்கப்பட்டு விட்டுப்போறதும் ஒண்ணு கிடையாது. லோன் அப்ளிகேஷன்ல ஒருத்தர் மூணு வருஷ வருமானத்தை எழுதிட்டு, "வேற பேங்க்ல கடன் இருக்கா"ங்கிற கட்டத்தை மட்டும் காலியா விட்டா, மத்த கட்டங்களோட சராசரியைப் போட்டு நிரப்பிக்கிற மேனேஜர் யாராவது இருக்காரா? அந்த ஒரு கட்டத்தைத்தான் முதல்ல நோண்டுவோம். "இல்லை", "பொருந்தாது", "சொல்லவில்லை" மூணுக்கும் வித்தியாசம் தெரியாம இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டினா என்ன ஆகும்னு இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

அப்போ இதுக்குன்னே தனித் தாள் வெச்சா சரியாப் போச்சான்னா, அங்கயும் இதே வியாதிதான். பெண்களுக்குன்னு 2000-ல வந்த எஃப்.எஸ்.எஃப்.ஐ. ரொம்பப் பிரபலம். 19 கேள்வி. ஆசை, கிளர்ச்சி, ஈரப்பதம், உச்சம், திருப்தி, வலின்னு ஆறு பகுதி. அதிகபட்சம் 36. 26.55-ம் அதுக்குக் கீழயும் வந்தா குறைபாடு இருக்கலாம்னு எடுத்துப்பாங்க. போன நாலு வாரத்தை வெச்சுத்தான் பதில். உறவே வெச்சுக்கலைன்னு சொன்னா அந்தந்தக் கேள்விக்குப் பூஜ்யம். வலிப் பகுதியிலயும் பூஜ்யம்தான். அதாவது சேராதவளுக்கு, சேர்ந்து துடிதுடிச்சவளை விடக் கீழ மார்க்!

இதைக் கேரளாவுல பொருத்திப் பாருங்க. வீட்டுக்காரர் ஷார்ஜாவுல இருக்கார், ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் லீவுல வர்றார். இந்த அம்மாவுக்கு உடம்புல ஒரு குறையும் இல்லை, ஆனா நாலு வார வாழ்க்கை இந்தத் தாள்படி நோய். இன்னொருத்தி கூடவே வீட்டுக்காரர் இருந்தும் எட்டு மாசமா வேற வேற ரூம்ல படுக்கிறா, பயத்துல. அவளுக்கும் இதே மார்க். பூஜ்யம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியுது. ஒண்ணு ஃபிளைட் டிக்கெட் விஷயம், இன்னொண்ணு சிகிச்சை விஷயம். இந்தக் குறையை ஆராய்ச்சிக்காரங்களே சொல்லியிருக்காங்க, நான் கண்டுபிடிச்சதில்லை. ஐரோப்பாவுல ஈ.ஓ.ஆர்.டி.சி. அமைப்போட 30 கேள்வித் தாளும் 1993-ல வந்ததுதான். அதுல இந்த விஷயமே கிடையாது. மார்பகத்துக்கான துணைத் தாள்ல மட்டும் ரெண்டு மூணு கேள்வி. எல்லா வகைப் புற்றுக்கும் ஆண் பெண் ரெண்டு பேருக்கும்னு 22 கேள்வியில தனித் தாளைச் சரிபார்த்து முடிக்க 2021 ஆயிடுச்சு.

மார்க்கை விடுங்க. எந்த வார்த்தையில கேக்கறது? என்னைப் பொறுத்த வரைக்கும் பெரிய சிக்கல் இதுதான். யாரும் இதை மதிக்கறதாத் தெரியலை.

மலையாளத்துல "பந்தப்பெடுக"ன்னு ஒரு சொல். நான் வந்த புதுசுல எங்க பேங்க் போர்டுல "கூடுதல் விவரங்ஙள்க்கு பிராஞ்சுமாயி பந்தப்பெடுக"ன்னு பார்த்துட்டு, தொடர்பு கொள்ளவும்னு புரிஞ்சுக்கிட்டேன். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் அதே சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்குன்னு தெரிஞ்சு, ஒரு வாரத்துக்கு அந்தப் போர்டைப் பார்த்தாலே சிரிப்பு. தமிழ்ல மட்டும் என்ன வாழுதாம்? "உறவு திருப்தியா இருக்கா"ன்னு கேட்டா எங்க பெரியம்மா, "ஆமாம்மா, உறவுக்காரங்க அத்தனை பேரும் ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போனாங்க"ன்னுதான் சொல்வாங்க. அஞ்சுக்கு அஞ்சு மார்க் விழும். "பாலியல்"னு கேட்டா பேப்பர்ல அந்த வார்த்தைக்குப் பின்னாடி எப்பவும் வர்ற வார்த்தை ஞாபகம் வந்து பயந்துடுவாங்க. "தாம்பத்தியம்" கல்யாணப் பத்திரிகை வாழ்த்து மாதிரி இருக்கு, அதுல உடம்பே இல்லை. "செக்ஸ்"ங்கிற வார்த்தையை என் அம்மா தலைமுறையில ஒருத்தர் வாயால சொல்லிக் கேட்டதில்லை. நம்ம வீடுகள்ல இதைப் பத்திப் பேசவே மாட்டாங்களான்னா, பேசுவாங்க. "வீட்டுக்காரரோட இருக்கியா", "ஒண்ணாத்தானே படுக்கறீங்க", "சேர்றீங்களா"ன்னு அத்தைமாருங்க கேக்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச தமிழ்தான். அந்தத் தமிழ் எந்தத் தாள்லயும் ஏறலை.

நான் ரெண்டு வருஷம் மட்டாஞ்சேரி பக்கம் வேலை பார்த்தேன். ஒரே கவுண்டர்ல கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் எல்லாம் வரும். ஃபோர்ட் கொச்சி தோபி கானாவுல தலைமுறை தலைமுறையா இருக்கிற நம்ம தமிழ்க்காரங்க வீட்டுத் தமிழ்ல பாதி மலையாளம் கலந்திருக்கும். அவங்க டெபாசிட் பத்திக் கேக்கும்போது மலையாளம் பேசுவாங்க, மகள் கல்யாண நகை அடகுன்னு வந்தா தமிழுக்கு மாறிடுவாங்க. பணத்துக்கே இப்படின்னா, படுக்கையைப் பத்தி அச்சடிச்ச மலையாளத்துல கேட்டா என்ன பதில் வரும்? அரசாங்க மொழிக்கு அரசாங்கப் பதில்தான் வரும்.

யாரைக் கேக்கறாங்கங்கிறது அடுத்தது. கர்ப்பப்பை வாய், மார்பகம், ப்ராஸ்டேட் இப்படி "அந்தப் பக்கத்து" புற்றா இருந்தா ஒரு சில இடத்துல கேள்வி வருது. இந்திய ஆண்களுக்கு அதிகமா வர்றது வாய்ப்புற்று. தாடையில ஒரு பகுதியை எடுத்துட்டு, ரேடியேஷன் கொடுத்து, எச்சில் ஊறாம, வாய் ரெண்டு விரல் அளவுக்குத் திறக்காம இருக்கிறவர்கிட்ட, "சாப்பிட முடியுதா, பேச முடியுதா"ன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்விகள். ஊர்ப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்படித்தான். சாப்பிடும்போது ஒழுகுதுன்னு முதல்ல தனியாச் சாப்பிட ஆரம்பிச்சார். அப்புறம் வாய்ல வாடை வருதுன்னு அவரே பாயைத் தூக்கிட்டுத் திண்ணைக்குப் போயிட்டார். அந்த அக்கா "எனக்கு ஒண்ணும் வாடை தெரியலை"ன்னு சொல்லியும் கேக்கலை. நாலு வருஷம். செக்கப்புக்குத் தவறாமப் போயிட்டு வர்றார், ரிப்போர்ட் எல்லாம் அருமையா இருக்கு. திண்ணையைப் பத்தி ஒரு டாக்டரும் கேட்டதில்லை.

கல்யாணம் ஆகாதவங்களைக் கேக்கவே மாட்டாங்க. இருபத்தாறு வயசுல லிம்ஃபோமாவுக்குக் கீமோ எடுத்த பொண்ணுக்குக் கருமுட்டை பத்தியும், பையனுக்கு விந்து சேமிச்சு வைக்கிறது பத்தியும் முதல் ஊசிக்கு முன்னாடியே சொல்லியாகணும், அப்புறம் சொல்லிப் பிரயோஜனம் குறைவு. "இன்னும் கல்யாணமே ஆகலியே"ன்னு விட்டுட்டா, மாப்பிள்ளை பார்க்கும்போதுதான் வீட்டுக்கே உறைக்கும். கைம்பெண்களை எந்தக் கணக்குலயும் சேர்க்கறதில்லை.

இதையெல்லாம் சொன்னா நம்ம ஊர்ல ரெடியா ஒரு பதில் இருக்கு. "உயிர் பொழைச்சதே பெரிசு, இந்த வயசுல இது ஒரு கேடா?" என் சொந்தக்காரங்கள்லயே ரெண்டு பேர் என் காதுபடச் சொன்னாங்க. நாப்பது சொச்சம் வயசு எனக்கு. இதே ஜனங்கதான் கீமோ வார்டுல இந்தக் கட்டில்லேருந்து அந்தக் கட்டிலுக்கு "மோஷன் போச்சா?"ன்னு சத்தமாக் கேக்கறவங்க. மலச்சிக்கலைக் கேக்கலாம், வாந்தியைக் கேக்கலாம், முடி கொட்டினதைக் கேக்கலாம். இது மட்டும் பேராசையாம்!

டாக்டர்கள் சொல்ற காரணம் கொஞ்சம் கனமானது. ஓ.பி.யில நூறு பேர் நிக்கறாங்க, ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கூட இல்லை, இதுல இதையும் ஆரம்பிச்சா எப்படி? நியாயம்தான். ஆனா முழுசா விசாரிக்கச் சொல்லி யாரும் கேக்கலையே. 1976-ல ஜாக் ஆனன்னு ஒரு உளவியல்காரர் ஒரு படிக்கட்டு போட்டுக் கொடுத்தார், ப்ளிஸிட்னு பேர். முதல் படி, இதைப் பத்திப் பேசலாம்னு அனுமதி கொடுக்கறது. அடுத்தது கொஞ்சம் தகவல். அதுக்கும் மேல வேணுங்கிறவங்களுக்குக் குறிப்பான யோசனை. கடைசிப் படியில இருக்கிற நீண்ட சிகிச்சை எல்லாருக்கும் தேவைப்படாது. முதல் படிக்கு ஒரு வாக்கியம் போதும், அதை நர்ஸ் சொன்னாலும் போதும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2018-ல கொடுத்த வழிகாட்டுதலும் இந்தப் பேச்சை ஆரம்பிக்க வேண்டியது சிகிச்சைக் குழுவுல ஒருத்தர்னுதான் சொல்லுது. நோயாளி வாயைத் திறக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது.

என் விஷயத்துல அந்த வாக்கியத்தைச் சொன்னது ஒரு நர்ஸ், சிகிச்சை முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு. டிரஸ்ஸிங் ரூம்ல நாங்க ரெண்டே பேர். தாள் இல்லை, பேனா இல்லை. "சேச்சி, ராத்ரி ஏது வசத்தேக்கு திரிஞ்ஞா கிடக்குன்னே?"ன்னு கேட்டாங்க. ராத்திரி எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கறீங்க? அவ்ளோதான் கேள்வி. ஆபரேஷன் ஆன பக்கம் அழுந்தினா வலிக்குதுன்னு நான் எதிர்ப்பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க ஆரம்பிச்சிருந்தேன். ரங்கமணி இருக்கிறது இந்தப் பக்கம். வலி போய் மாசக்கணக்கு ஆகியும் நான் சுவர்ப்பக்கம்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சு அரை மணி நேரம் பேசினேன். எங்க வீட்டு விஷயத்தை இதுக்கு மேல எழுத மாட்டேன், மன்னிக்கணும். அந்த நர்ஸ் ஃபாக்ட் தாளைப் பார்த்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்த மூணு வருஷத்துல நான் பார்த்த அஸெஸ்மென்ட்லயே உருப்படியானது அதுதான்.

அன்னிக்கு அவங்க சொன்ன தகவல்ல பாதி, முன்னாடியே ஒரு தாள்ல அச்சடிச்சுக் கையில கொடுத்திருக்கலாம். கீமோவால மாதவிடாய் முன்கூட்டியே நின்னு போகலாம், உள்ள வறட்சி வரும், அதனாலதான் வலி, மனசுல வர்ற வியாதி இல்லை. தண்ணி அடிப்படையிலான ஜெல்லி மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும். தேங்காய் எண்ணெய் நம்ம கேரளத்துக் கைமருந்து, ஆனா ஆணுறையோட சேர்த்தா ரப்பர் பிஞ்சுடும். ஹார்மோன் கலந்த க்ரீமை மார்பகப் புற்று வந்தவங்க புற்றுநோய் டாக்டரைக் கேக்காமத் தொடக் கூடாது. கீமோ மருந்து உடம்புல இருக்கிற நாட்கள்ல ஆணுறை வேணும், அந்தக் காலத்துல கர்ப்பம் கூடவே கூடாது. வெளியிலேருந்து கொடுக்கற ரேடியேஷனால நம்ம உடம்புலேருந்து கதிர் வீசாது, பக்கத்துல படுத்தா ஒட்டிக்காது, குழந்தையைத் தூக்கலாம். கர்ப்பப்பை வாய்க்கு ரேடியேஷன் எடுத்தவங்களுக்குப் பாதை சுருங்கிப் போகலாம், அதுக்கு டைலேட்டர்னு ஒரு சாதனம் இருக்கு. வீட்டுக்காரர் இல்லாதவங்களுக்கும் அது தேவைப்படும், பின்னாடி டாக்டர் உள்ள பார்த்துச் சோதிக்கறதுக்காவது. ப்ராஸ்டேட்டுக்கு ஹார்மோனைக் குறைக்கிற சிகிச்சை எடுக்கிறவருக்கு ஆசையே குறையும். சில்டனாஃபில் மாத்திரை விறைப்புக்கு உதவலாம், ஆசையைக் கொண்டு வராது, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவர் அதைத் தொடவே கூடாது. இதுல எது ரகசியம்?

என்னதான் பண்ணச் சொல்றேன்னு கேட்டா, கேள்வித்தாளைத் தூக்கி எறியணும்னு சொல்ல மாட்டேன். கணக்கில வராத விஷயத்துக்கு எந்த ஆபீஸ்லயும் பணம் ஒதுக்க மாட்டாங்க, அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா ஏழாவது கேள்விக்கு வந்த காலிக் கட்டங்களை எண்ணி, தனியா ஒரு வரியில எழுதணும். இத்தனை பேர் திருப்தின்னாங்க, இத்தனை பேர் இல்லைன்னாங்க, இத்தனை பேர் சொல்லலைன்னு. எங்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒண்ணு உண்டு. எங்க சேர்க்கறதுன்னு தெரியாத தொகையை அதுல போட்டு வைப்போம். ஆனா அது அங்கேயே தூங்க முடியாது. எத்தனை நாளாக் கிடக்குன்னு வயசு போட்டு ஆடிட்டர் கேப்பார், ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லியாகணும். விட்டுப்போன ஏழாவது கேள்வியையும் அப்படி வெச்சு, அந்த ஆளை அடுத்த விசிட்ல தனியா உக்கார வெச்சு, அவங்க வீட்டுப் பேச்சுல, ஒருதரம் கேட்டாப் போதும். அம்மா, மாமியார், மகன் எல்லாரையும் அஞ்சு நிமிஷம் கேன்டீனுக்கு அனுப்பிட்டு. அப்பவும் சொல்ல மாட்டேன்னா அது அவங்க இஷ்டம்.

கேரளத்துல இதுக்கு ஒரு வசதி ஏற்கனவே இருக்கு. 1993-ல கோழிக்கோட்டுல டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து ஆரம்பிச்ச வலி நிவாரண அமைப்பு, அப்புறம் 2008-ல அரசாங்கத்தோட பாலியேட்டிவ் கொள்கை, அதுலேருந்து பஞ்சாயத்து, முனிசிபாலிட்டி தோறும் நர்ஸ் வீட்டுக்கே வர்ற ஏற்பாடு. எங்க ஏலூர்லேருந்து கூப்பிடு தூரத்துல களமசேரியில 2014-லேருந்து கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையம் இருக்கு. வீட்டுக்கு வர்ற நர்ஸுக்குக் கட்டில் எங்க கிடக்கு, யார் எங்க படுக்கறாங்கன்னு கண்ணாலயே தெரியும். திண்ணையில சுருட்டி வெச்ச பாயை அவங்கதான் பார்ப்பாங்க. ஒரு கஷ்டம், நர்ஸ் வர்றார்னா அக்கம்பக்கத்துல நாலு பேர் கூடிடுவாங்க. தனியாப் பேசணும்னா கிணத்தடிக்குத்தான் போகணும். போகட்டுமே.

மலையாளத்துல நல்லாக் கேட்டவங்க ஒருத்தரைப் பார்த்துட்டேன். தமிழ்ல எப்படிக் கேக்கறாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை. அடையாறுலயோ மதுரையிலயோ வேலூர்லயோ, இல்லே சிங்கப்பூர்லயோ யாழ்ப்பாணத்துலயோ சிகிச்சை எடுத்தவங்க, கூட இருந்தவங்க, அங்க வேலை பார்க்கிற நர்ஸுங்க யாராவது படிச்சா, என்ன வார்த்தை போட்டுக் கேட்டாங்க, கேட்டப்போ ரூம்ல யார் யார் இருந்தாங்கன்னு ஒரு வரி எழுதுங்க. பேர் போட வேண்டாம்.